கொப்பியை மூடிவிட்டு மீட்டுங்கள்: உயர்தரப் புவியியல் மாணவருக்கு ஓர் உரை

புவியியல் பாடத்தை எப்படி மீட்டுவது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பௌதிகப் புவியியல், மானிடப் புவியியல், இலங்கைப் புவியியல், படவாசிப்பு என்று கொப்பிகள் மேசையில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான். இந்த மாதங்களில் பெரும்பாலான மாணவர் என்ன செய்கிறார்கள்? முதலாவது கொப்பியை எடுத்து முதலாம் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கிறார்கள். அது முடிந்ததும் இரண்டாவது கொப்பி. பிறகு மூன்றாவது. உழைப்பில் ஒரு குறையும் இல்லை. இரவிரவாக விழித்திருந்து வாசிக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த உழைப்பு பரீட்சை மண்டபத்துக்குள் நுழையும்போது ஏன் பாதியாகிவிடுகிறது? நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. புவியியலில் மீட்டல் என்ற வேலை கொப்பியை மூடிய பிறகுதான் தொடங்குகிறது.

இதை வெறும் அபிப்பிராயமாக நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவர் 2006ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு அவர்கள் கொடுத்தவை சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் அமைந்த சிறு உரைப்பகுதிகள். ஒரு குழு அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த மூன்று தவணையும் தாளைப் பாராமல் நினைவில் நின்றதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள்: வாசித்தவர்கள் 83 வீதம், எழுதியவர்கள் 71 வீதம். ஆனால் ஒரு கிழமை கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடையே நிலைமை தலைகீழானது. வாசித்தவர்கள் 40 வீதம். எழுதியவர்கள் 61 வீதம். இதில் கவனியுங்கள்: வாசித்த குழு அந்தப் பகுதியைச் சராசரியாக 14 தடவை வாசித்திருந்தது. எழுதிய குழு தன் ஒரு தவணைக்குள் வாசித்ததோ மூன்றரைத் தடவைக்கும் குறைவு. அதைவிட முக்கியமான ஒரு செய்தியும் உண்டு. ஒரு கிழமைக்குப் பிறகு உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே கேட்டபோது, கூடிய நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வாசிக்க வாசிக்க வரிகள் கண்ணுக்குப் பழகிப்போகின்றன. பழகிய வரியைக் கண்டதும் ‘இது எனக்குத் தெரியும்’ என்று மனம் சொல்லிவிடுகிறது. பரீட்சை நாளில் அந்த வரி முன்னால் இருக்காது. வினா மட்டுமே இருக்கும்.

‘அது சிறு உரைப்பகுதி, எங்களுடையது இரண்டு வருடப் பாடத்திட்டம். அது வேறு நாட்டுப் பல்கலைக்கழக மாணவர். நாங்கள் மூன்று மணி நேரம் கட்டுரை எழுதுபவர்கள். அந்த ஆய்வு எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு சிறு பகுதியில் கண்ட வீதங்களை அப்படியே எடுத்துவந்து நமது பரீட்சைப் புள்ளியாக மாற்ற முடியாது. அப்படி யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் முடிவு அந்த ஓர் ஆய்வோடு நின்றுவிடவில்லை. 2013ஆம் ஆண்டு டன்லொஸ்கியும் அவருடைய சக ஆய்வாளரும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அவற்றைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். தன்னைத்தானே சோதிப்பதும், படிப்பை இடைவெளி விட்டுப் பரப்புவதும் மிகப் பயனுள்ளவை என்று தரப்படுத்தினார்கள். மறுவாசிப்பும், வர்ணப் பேனாவால் வரிகளுக்கு நிறம் பூசுவதும் பயன் குறைந்தவை என்ற பகுதிக்குள் விழுந்தன. நமது பிள்ளைகள் அதிகம் செய்பவை எவை? அந்த இரண்டுந்தான். இன்னொரு கேள்வியும் எழும்: ‘நான் சும்மா வாசிப்பதில்லை, புத்தகத்தைப் பார்த்து எண்ணக்கருப் படம் கீறுகிறேன், அம்புக்குறி போட்டுத் தொடர்புபடுத்துகிறேன்.’ அதையும் சோதித்திருக்கிறார்கள். 2011இல் கார்பிக்கியும் பிளண்டும் விஞ்ஞானப் பகுதிகளைக் கொடுத்து, ஒரு குழுவைப் புத்தகத்தைப் பார்த்து எண்ணக்கருப் படம் கீறச் செய்தார்கள். மறு குழுவைப் பாராமல் நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். ஒரு கிழமைக்குப் பின், உள்ளதைச் சொல்லும் வினாக்களில் மட்டுமல்லாமல், ஊகித்து எழுதவேண்டிய வினாக்களிலும் பாராமல் எழுதிய குழுவே வென்றது. இறுதிச் சோதனையாக எண்ணக்கருப் படத்தையே கீறச் சொன்னபோதும் அவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ஆகவே படம் கீறுவது நல்லது. புத்தகத்தைப் பார்த்துக் கீறுவதால் வரும் பயன்தான் குறைவு.

மற்றப் பாடங்களைவிடப் புவியியலுக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது? புவியியல் தனித்தனித் தகவல்களின் மூட்டையாக இருந்தால் வரிவரியாகப் பாடமாக்கித் தப்பிவிடலாம். அது அப்படி அமைந்த பாடம் இல்லை. ஓரிடத்தில் ஒன்று ஏன் நடக்கிறது, அது பக்கத்து இடத்தில் எதை மாற்றுகிறது என்று இழுத்துக்கொண்டே போகும் பாடம். நம் நாட்டு மத்திய மலைநாட்டையே எடுத்துக்கொள்வோம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மேற்குச் சரிவில் மோதுகிறது. காற்று எழுகிறது, குளிர்கிறது, ஒடுங்குகிறது, கொட்டுகிறது. மேற்குச் சரிவின் சில இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரையும் தாண்டுகிறது. ஈரத்தை இழந்த அதே காற்று மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அமுக்கப்பட்டு வெப்பமடைகிறது. வறண்டு, சுட்டெரிக்கும் காற்றாக ஊவாவிலும் மட்டக்களப்பிலும் வீசுகிறது. நம் கடற்றொழிலாளர் அதைக் கச்சான் என்கிறார்கள். இதுவரை சொன்னது காலநிலைக் கொப்பியில் உண்டு. இனித் தேயிலைக்கு வாருங்கள். ஊவாத் தேயிலையின் பெயர்போன தரமான பருவம் எது? ஜூலை முதல் செப்ரெம்பர் வரை. அதாவது இந்த வறண்ட காற்று வீசும் மாதங்கள். மேற்குப் பக்கத்துத் திம்புள்ளத் தேயிலைக்குத் தரமான பருவம் எது? ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது மழையைக் கொண்டுவருவது வடகீழ் பருவக்காற்று. கிழக்குச் சரிவு நனைகிறது, மேற்குச் சரிவு காய்கிறது. ஒரே மலை, இரண்டு காற்று, இரண்டு சந்தைப் பருவம்! காலநிலைக் கொப்பியில் ஒரு பாதியும் விவசாயக் கொப்பியில் மறு பாதியும் கிடக்கின்றன. இரண்டையும் தனித்தனியே பத்துத் தடவை வாசித்தாலும் அவை சந்திக்கப்போவதில்லை. வெற்றுத் தாளில் மலையைக் கீறி, காற்றுக்கு அம்பு போட்டு, ‘இந்த மாதத்தில் இந்தப் பக்கம் என்ன நடக்கும்?’ என்று நீங்களே கேட்டு எழுதும்போதுதான் சந்திக்கும்.

ஆகவே முறை எளியது. ஒரு தலைப்பை ஒரு தடவை கவனமாக வாசியுங்கள். கொப்பியை மூடுங்கள். வெற்றுத் தாளை எடுங்கள். அந்தத் தலைப்புக்குரிய இடத்தின் எல்லைக் கோட்டை நினைவிலிருந்து கீறுங்கள். இடப்பெயர், இயக்கம், காரணம், விளைவு, ஓர் இலக்கம் ஆகியவற்றை அதன்மேல் எழுதுங்கள். தடைப்பட்டால் உடனே கொப்பியைத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் மனத்தோடு போராடுங்கள். பிறகு திறந்து, விட்டதையும் பிழையாக எழுதியதையும் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். அந்தச் சிவப்பு எழுத்துத்தான் உங்கள் அடுத்த மீட்டலுக்கான பாடம். சரியாக வந்ததை மீண்டும் மீண்டும் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘எனக்குப் படம் கீற வராது’ என்று சொல்லும் பிள்ளைகள் பலர். யாரும் சித்திரப் பாடத்துக்குப் புள்ளி போடவில்லை. மகாவலி மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது என்பது உங்கள் கோட்டில் தெரிந்தால் போதும். எது எதற்கு வடக்கே, எது எதற்குக் காற்று முகம், எது கரையோரம் என்ற சார்பு நிலை சரியாக இருந்தால் போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை இந்த முறையில் ஒருமுறை செய்து பாருங்கள். கோட்டைக் கீறியதும் முதல் கேள்வி: வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஏன் இங்கே ஒன்றுகூட இல்லை? வழுக்கையாறு கூட மாரிக்கு மட்டும் உயிர்பெறும் ஓடைதானே. விடை பாறையில் இருக்கிறது. அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகி அந்தக் கல்லைக் கரைக்கிறது, வெடிப்புகள் அகல்கின்றன, நீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்குகிறது. அப்படியானால் அந்த நீர் எங்கே போகிறது? கடல்நீர் அடர்த்தி கூடியது. அதன்மேல் நன்னீர் ஒரு வில்லையாக மிதக்கிறது. புத்தூரை அண்டிய நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் காரணம் இதுவே. கொள்கைக் கணக்கின்படி கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும். இப்போது இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைப்பு இயந்திரத்தால் மிதமிஞ்சி இறைத்து மேலேயுள்ள மட்டத்தை 1 மீற்றர் குறைத்தால் அடியில் என்ன ஏறிவரும்? வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும் எதை நம்பி நிற்கின்றன? தோட்டத்துக்கு இட்ட பசளையின் நைத்திரேற்றும் மலசலகூடக் குழிகளின் கழிவும் இதே வெடிப்புகள் வழியாக எங்கே சேர்கின்றன? பாறையியல், நீரியல், விவசாயம், மாசடைதல், வளமுகாமைத்துவம் ஆகிய ஐந்து அலகுகள் ஒரே தாளில் வந்து நிற்கின்றன. பரீட்சையில் ‘நிலத்தடி நீர்ப் பிரச்சினை’ என்று கேட்டாலும், ‘சுண்ணக்கல் நிலத்தோற்றம்’ என்று கேட்டாலும், ‘வறண்ட பிரதேச விவசாயம்’ என்று கேட்டாலும் இந்த ஒரு தாள் கைகொடுக்கும். இப்படி நன்றாகத் தெரிந்த உதாரணங்கள் பன்னிரண்டு பதினைந்து கையில் இருப்பது, அரைகுறையாக வாசித்த ஐம்பதைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே ஒரு பலமான மறுப்பு உண்டு. ‘விளக்கம் இருந்தால் மட்டும் போதுமா? இலக்கமும் ஆண்டும் பாடமாக்காமல் எப்படி எழுதுவது?’ பாடமாக்கத்தான் வேண்டும். மனப்பாடத்தை இழித்துப் பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் அதில் சேரமாட்டேன். இலக்கம் இல்லாத புவியியல் விடை வெறும் கதை. ஆனால் இலக்கம் எதற்குச் சாட்சி என்பது தெரியாமல் எழுதினால் அதுவும் உதவாது. ஓர் எடுத்துக்காட்டு: 1946இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆக வீழ்ந்தது. இந்த இரண்டு இலக்கங்களும் குடித்தொகை மாற்றம் பற்றிய விடையில் பொன் போன்றவை. மலேரியா நுளம்பை ஒழிக்கத் தெளித்த டீடீரீ மருந்தே காரணம் என்று பலர் எழுதினார்கள். ஆனால் மலேரியா அதிகம் இல்லாத பகுதிகளிலும் இறப்புக் குறைந்ததே, அதற்கு என்ன சொல்வது என்று வேறு ஆய்வாளர் கேட்டார்கள். வைத்தியசாலைகள், தாய் சேய் நலச் சேவை, உணவு விநியோகம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். ‘விவரிக்க’ என்று வினா கேட்டால் இரு இலக்கங்களும் வீழ்ச்சியும் போதும். ‘விளக்குக’ என்றால் காரணங்கள் வேண்டும். ‘மதிப்பிடுக’ என்றால் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு நிறை கொடுக்கலாம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வினாவின் அந்த ஒரு வினைச்சொல்லைக் கவனியாமல், தெரிந்த அனைத்தையும் கொட்டிவிட்டு வருவதால் இழக்கப்படும் புள்ளிகள் ஏராளம். ஆகவே ஒரே தரவை வைத்து மூன்று வினாக்களுக்கும் மூன்று பந்தி எழுதிப் பழகுங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித் திட்டத்தை எழுதிய பிறகு எடுத்துப் பாருங்கள். எழுதுவதற்கு முன் பார்த்தால் அதுவும் இன்னொரு மறுவாசிப்பாகிவிடும்.

படவாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை வாசித்து மீட்டவே முடியாது, செய்துதான் மீட்டலாம். 1:50,000 இடவிளக்கப் படத்தில் 2 சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 1 கிலோமீற்றர். படத்தில் இரு இடங்களுக்கிடையே 7 சென்ரிமீற்றர் என்றால் 3.5 கிலோமீற்றர். உயர வேறுபாடு 140 மீற்றர் என்றால் சாய்வு 25இல் 1. இந்தக் கணக்கை வாசிக்கையில் எவருக்கும் விளங்கும். அலகு மாற்றாமல் பிழைவிடுவது கையால் செய்யும்போதுதான் தெரியவரும். சமவுயரக் கோடுகளின் வளைவு உயரமான பக்கத்தை நோக்கிக் கூராக இருந்தால் அது பள்ளத்தாக்கு, தாழ்ந்த பக்கத்தை நோக்கி நீண்டால் அது மலையிலிருந்து இறங்கும் மேடு. நாளுக்கு ஒரு படத்துண்டு, பத்து நிமிடம். அவ்வளவே.

‘இதற்கெல்லாம் நேரம் எங்கே? பாடத்திட்டம் மலைபோல் கிடக்கிறது’ என்பதுதான் மாணவர் வாயில் அடிக்கடி வரும் மறுப்பு. நேரம் குறைவாக இருப்பவர்தானே பயன் குறைந்த வேலையை முதலில் நிறுத்த வேண்டும்? 14 தடவை வாசித்து 40 வீதம் நினைவில் வைப்பதற்கு நேரம் இருந்தால், மூன்று தடவை வாசித்து மீதி நேரத்தில் பாராமல் எழுதுவதற்கு இல்லாமல் போகுமா? இடைவெளி விடுவதும் நேரத்தை மிச்சம்பிடிக்கும். மறதி முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதை 1885இலேயே எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானிய அறிஞர் தன்னையே சோதித்து எழுதிவைத்தார். அதனால் ஒரு தலைப்பை ஒரே நாளில் ஆறு மணி நேரம் அமுக்குவதைவிட, இன்று ஒரு மணி, சில நாள் கழித்து அரை மணி, மூன்று கிழமை கழித்து மறுபடி அரை மணி என்று எடுப்பது நல்லது. சற்று மறந்த நிலையில் நினைவுக்குக் கொண்டுவரக் கஷ்டப்படுவீர்கள். அந்தக் கஷ்டத்துக்குப் பயப்படாதீர்கள். நினைவு உரம்பெறுவது அதனால்தான். அலகுகளைக் கலந்தும் எடுங்கள். ஓர் உதாரணம்: 1934இல் இலங்கையில் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. 1934, 35இல் பரவிய மலேரியாவில் சுமார் 80,000 உயிர்கள் போயின. இது காலநிலையா, நீரியலா, குடித்தொகையா? அலகு அலகாக மட்டும் மீட்டியவருக்கு இந்தக் கேள்வியே எழாது. கலந்து மீட்டியவருக்கு எழும், விடையும் வரும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. ‘இந்த வருடம் இது கட்டாயம் வரும்’ என்று சொல்லி எதிர்பார்க்கை வினாக்களை விற்கும் பழக்கம் ஊரெங்கும் பரவிக்கிடக்கிறது. பிள்ளைகள் பாடத்திட்டத்தில் பாதியைக் கைவிட்டுவிட்டு அந்தப் பட்டியலை நம்பிப் பரீட்சைக்குப் போகிறார்கள். சில வேளை அந்த வினா வந்துவிடுகிறது. அதனால்தான் அந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. வராத வருடத்தில் அந்தப் பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி, இசட் புள்ளி, ஒரு வருட வாழ்க்கை அனைத்தும் ஆட்டம் காண்கின்றன. அதற்கு யார் பொறுப்பு? கடந்தகால வினாத்தாள்களைக் கட்டாயம் செய்யுங்கள். நேரம் வைத்துச் செய்யுங்கள். முழு விடையாக எழுதுங்கள். அடுத்தது எது வரும் என்று குறிபார்க்க மட்டும் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய பாடம் தொடங்குமுன் முதல் பத்து நிமிடத்தை மாணவருக்குக் கொடுங்கள். சென்ற கிழமையும் சென்ற மாதமும் படித்தவற்றிலிருந்து ஒரு வெற்றுப் படம், இரண்டு வினா. புள்ளி போட வேண்டாம், பெயர் கூப்பிட்டு வெட்கப்படுத்தவும் வேண்டாம். அவர்களே கொப்பியைத் திறந்து திருத்தட்டும். பெற்றோரே, பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தாளோடு யோசித்துக்கொண்டிருப்பதைக் கண்டால், படிக்கவில்லை என்று ஏசாதீர்கள். மாணவச் செல்வங்களே, நாளைக்கே பன்னிரண்டு தலைப்புகளைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றுத் தாளும் மூன்று திகதிகளும் குறித்துவையுங்கள். முதல் நாள் தாள் பாதி வெறுமையாகவே இருக்கும். மனம் தளராமல் மூன்றாவது திகதி வரை தொடருங்கள்.